ஆறு மாத கேரண்டி

“இன்னும் கொஞ்சம் சோப்பு போடுங்கட்டி” என்றாள் பகவதியம்மை. மீனாட்சியம்மாளின் மணிக்கட்டில் ஏற்கனவே நுரை பொங்கி, நாலு வளையலும் வழுக்கிக்கொண்டிருந்தன. தோவாளையில் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் முகத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கையைப் பார்ப்பார்கள். இன்றைக்குப் பவுன் விற்கிற விலையில் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பின்முற்றத்தில் வேட்டியால் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். செத்தவளின் நாத்தனார் பகவதியம்மை அழுதுகொண்டே இழுத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அவளுக்கு வரும்.

“இழுக்காதீங்க சித்தி” என்றாள் மருமகள் அஸ்வதி. “அத்தைக்கு அது பிடிக்காது.”

பிடிக்காதுதான். தன் அம்மா போன அன்று, வீங்கின கையிலிருந்து தோல் வழன்று வர வளையல் உருவியதைப் பார்த்தவள் மீனாட்சியம்மாள். போன வாரம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அஸ்வதியின் விரலைப் பிடித்துக்கொண்டு, “எங் கையில யாரும் சோப்பு போடப்பிடாது மக்கா. போட்ட வளையலோட போவணும்” என்றாள். அஸ்வதி தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது நுரையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

“பிடிக்காதாம்! எட்டு பவுனையும் சுடுகாட்டுல கொண்டு போடவா?”

ஒரு வளையல் வந்துவிட்டது. பகவதியம்மை அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். அழுகை பட்டென்று நின்றது.

“கவரிங்கு! ஏட்டி, எங்க அண்ணன் வாங்கிப் போட்ட தங்கம் எங்கட்டி?”

மறைப்புக்குள் நின்ற அத்தனை கண்களும் அஸ்வதியிடம் வந்தன. கல்யாணத்துக்கே குறைவாகப் போட்டுக்கொண்டு வந்த மருமகள். தெருவுக்கு அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

அஸ்வதி நுரையோடு இருந்த அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தையே வித்து, தங்க ஃபண்டுல போட்டுட்டாங்க. செய்கூலி, சேதாரம், கள்ளன் பயம் ஒண்ணும் கிடையாது. போன்லயே இருக்கு.”

“போன்ல தங்கமா! எடுத்துக் கழுத்துல போடேன், பாப்போம்.”

யாரோ சிரித்து, இடம் நினைவுக்கு வந்து இருமினார்கள்.

இரண்டு வருஷமாகவே மீனாட்சியம்மாளின் போக்கு அப்படித்தான். பிச்சிப்பூ கட்டிக்கொண்டே செல்போனில் உலகச் செய்தி கேட்பாள். “நகையா வாங்குகதுதான் மக்கா குறையுது. நாட்டுக்கு நாடு பேங்குகாரன் தங்கத்தக் கட்டி கட்டியா வாங்கி அடுக்குதான். சீனாவுல பொம்பளைகளும் காசா வாங்கிப் பூட்டுதாளுவ” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வாள். தெரு சிரித்தது. விலை ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது.

அஸ்வதி நிமிர்ந்தாள்.

“சரி சித்தி. உரசிப் பாக்கல, கடிச்சுப் பாக்கல. கவரிங்னு எப்பிடித் தெரிஞ்சுது?”

“ஏன் தெரியாது? உள்ளுக்க பூ முத்திரை கிடக்குல்லா? ஆறு மாச கேரண்டிக்காரன் எல்லா வளையலுக்கும் இதத்தான் குத்துவான். கருத்துப்போனா மாத்தியும் தருவான், போன தடவ எனக்கு…”

வாய் தானாக மூடிக்கொண்டது. கண்கள் எல்லாம் அஸ்வதியை விட்டு இறங்கி, மெதுவாகப் பகவதியம்மையின் கைக்குப் போயின. பத்துப் பவுன் என்று கல்யாண வீடு கல்யாண வீடாக ஆட்டிக் காட்டிய கை. அது முந்தானைக்குள் போய் ஒளிந்தது.

மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து கோலப்பன் செருமினார். மனைவி போனதிலிருந்து அவர் பேசுவது இதுதான் முதல் தடவை.

“விக்கதுக்கு நாந்தான் கூடப் போனேன். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. கழத்துன வளையல போட்டு விடு, பவதி.”

பகவதியம்மை வளையலை நீரில் அலசி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள். மதினியின் விரல்களைக் குவித்துப் பிடித்து அவளே போட்டுவிட்டாள். இந்த முறை அழுகை மட்டும்தான் வந்தது, கை எதையும் இழுக்கவில்லை.

அந்தத் தெருவிலிருந்து இதுவரை போன பெண்கள் எல்லாம் மொட்டைக் கையோடுதான் போனார்கள். மீனாட்சியம்மாளை மாலைகளுக்கு நடுவே தூக்கியபோது, எதிர் வீட்டுக்காரிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அஸ்வதி வாசல் கேட் பக்கத்தில் நின்று, விரலிடுக்கில் காய்ந்திருந்த சோப்பைச் சேலையில் துடைத்தாள்.

தெருமுக்கில் பாடை திரும்பியது. உச்சி வெயில் பட்டு, கேரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்த நாலு வளையலும் புத்தம் புதுசாக மின்னின.