பாதி காலி என்று காட்டிய திரை

சர்வர் ஐம்பத்தைந்து விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று திரை காட்டியது. கர்ஸ்டன் லுண்ட் அதைத்தான் நம்பியிருந்தாள்.

டுலூத் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் டேட்டாபேஸ் சர்வர் அவள் பொறுப்பு. மாலை வகுப்பில் படித்ததை வைத்து, போன ஞாயிறு அதில், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை இயக்கினாள். கணக்குப் போடும் பதினாறு கோர், முப்பத்திரண்டாகத் தெரிந்தது. பாதி இயந்திரம் சும்மா கிடக்கிறது என்று மேலாளருக்கு எழுதினாள். அதை நம்பித்தான், விடுமுறை நாளில் அதே சர்வரில் தயாராகும் மாத அறிக்கையை வேலை நேரத்துக்கு மாற்றினார்கள்.

வியாழன் மதியம் ஏரிப் பக்கமிருந்து பனிப்புயல் இறங்கியது. அழைப்புகள் குவிந்தன. ஆம்புலன்ஸ்களை அனுப்பும் வெர்னா, ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கர்ஸ்டனின் அறைக் கதவைத் தள்ளினாள்.

"ஏம்மா, முகவரி தட்டினா பக்கத்துல எந்த வண்டி இருக்குன்னு சொல்ல நாப்பது செகண்டு. ஒருத்தன் மூச்சு விட முடியாம கெடக்கான்."

"ஆனா பாதி காலியா இருக்கே."

"காலியா இருந்தா அங்க யாரு உக்காந்திருக்கா? உங்க வாத்தியாரா?"

கர்ஸ்டன் பேனாவை எடுத்தாள். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்திரண்டில் ஐம்பத்தைந்து விழுக்காடு, ஏறக்குறைய பதினெட்டு. உண்மையில் இருப்பதோ பதினாறு; அத்தனையும் நிரம்பிவிட்டன. ஒரே அடுப்பில் இரண்டு பேரைச் சமைக்க விட்டுவிட்டு, இரண்டு அடுப்பு என்று எண்ணியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் தேடும் அடுப்பிலேயே அறிக்கையும் வெந்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கும் தப்பாக இருந்தால்? வேலை நேரத்தில் மேலாளரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. அவரோ புயலில் எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

"நான் ஒண்ண நிறுத்தப்போறேன். சரியான்னு தெரியல."

"மூச்சுக்குத் தவிக்கிறானே, அவனுக்கும் பொழைப்பமான்னு தெரியாது. நிறுத்து."

அறிக்கையை நிறுத்தினாள். வெர்னா தன் மேசைக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல்கள் தட்டுவதும், உதடுகள் அசைவதும் தெரிந்தன. கர்ஸ்டன் கண்ணாடியருகே நின்று பார்த்தாள்.

ஏழு நிமிடம் கழித்து வெர்னா எட்டிப் பார்த்தாள். "பக்கத்துலயே வண்டி சிக்குச்சு. அவனுக்கு ஆக்சிஜன் வச்சுட்டாங்க. உசுரு இருக்கு. ஆனா இன்னும் கண்ணு முழிக்கல."

கர்ஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்து மேலாளருக்கு எழுதினாள்: 'பாதி காலி என்று நான் சொன்னது தப்பு. அறிக்கையை நிறுத்தியதும் நான்தான்.' திரை இப்போது இருபது விழுக்காடு என்றது. அந்த எண்ணைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.