உறுதி செய்யப்பட்டது

வீரையன் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, என் தப்பை நான் கண்டுபிடித்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அறுவடை மெஷின் பதிவு செய்யும் ஆப்புக்கு சர்வர் பக்கம் எழுதுகிறவள் நான். கம்பெனி சென்னையில், நான் நன்னிலத்துக்குப் பக்கத்தில், மாமனார் வீட்டு நடு அறையில். விவசாயி பதிவு செய்ததும், வர முடியுமா என்று சர்வர் மெஷின்காரரிடம் கேட்கும். அவர் பதில் சொல்ல ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். அதுவரை சர்வர் கையில் இருப்பது பதில் அல்ல; பதில் வரும் என்கிற பிராமிஸ் மட்டும். அது வரும்வரை காத்திரு என்று சொல்ல, அந்த வரியில் அவெயிட் என்று ஒரு வார்த்தை போட வேண்டும். நேற்று வரியைத் திருத்தியபோது அதை விட்டுவிட்டேன், மகா புத்திசாலி. சர்வர் அந்த வெறும் பிராமிஸையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பதிவு செய்த அறுபத்து மூன்று பேருக்கும் 'உறுதி செய்யப்பட்டது' என்று உடனே செய்தி அனுப்பிவிட்டது. மெஷின்காரர்கள் பிறகு அனுப்பிய 'முடியாது'கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

அப்படி முடியாது என்றவர்களில் என் மாமனார் தியாகராசன் பதிந்திருந்த ஆத்தூர் மெஷின்காரரும் ஒருவர்.

"அண்ணே, சேத்துல இறங்குற பெல்ட் வண்டி, அறுப்பு மெஷின் ஒண்ணு நாளைக்குக் காலியா இருக்கு. சொன்னீங்கன்னா உங்க வயலுக்கே விட்டுடுறேன்" என்றார் வீரையன். சுற்றுவட்டாரத்துக்கு மெஷின் பிடித்துத் தரும் புரோக்கர் அவர்.

மூன்று ஏக்கர் குறுவை. கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிறது. நாளை ராத்திரியிலிருந்து கனமழை என்கிறார்கள். தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் நெல் முளைத்துவிடும், போட்டதெல்லாம் போச்சு.

மாமா போனை நீட்டிக் காட்டினார். "நமக்கு உறுதியாயிடுச்சுப்பா. எல்லாம் நம்ம கயல்விழி எழுதுனதுதான். இங்க உக்காந்துக்கிட்டே ஆத்தூர் மெஷின வரவைக்குது பாரு."

எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழவில்லை. இந்தத் தெருவில் பாதிப் பேரை ஆப்பில் பதிய வைத்தவர் மாமா. நம் வீட்டுக்கு மட்டும் முதலில் சொல்வது திருட்டு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வதுதான் நியாயம் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். பொய். வீரையன் முன்னால் தலைகுனியப் பயம், வேறொன்றும் இல்லை. அவர் வண்டி கிளம்பித் தெருமுனை தாண்டும்வரை கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவெயிட்டைப் போட்டேன். பத்து விநாடி வேலை. மெஷின்காரர் மறுத்திருந்த நாற்பத்தொரு பேருக்கும் செய்தி அனுப்பினேன்: 'சில காரணங்களால் உங்கள் பதிவு ரத்தாகிறது.' என்ன காரணம் என்று எழுத அப்போதும் எனக்குத் துணிவில்லை.

மாமா படித்தார். உடனே வீரையனைக் கூப்பிட்டார். பிஸி. ஐந்தாவது தடவைதான் எடுத்தார். பெல்ட் வண்டியைக் கூத்தாநல்லூர்ப் பக்கம் யாரோ பிடித்துவிட்டார்களாம். மாமா போனைக் கீழே வைப்பதற்குள், அதே ரத்துச் செய்தி போயிருந்த பக்கத்து வயல்காரர் நடராசன் கூப்பிட்டார். அவர் கத்தியது உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

"நிறுத்துய்யா" என்றார் மாமா. "அது எழுதுனதுல தப்பு வராது. ஆத்தூர்க்காரன் வர்றேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான். என் வயலுந்தான் நிக்குது. புள்ளையக் குறை சொல்லாத."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாசலுக்கு ஓடினேன்.

"மாமா, அவங்க வர்றேன்னு சொல்லவே இல்ல. தப்பு என்னோடது. வீரையன் இங்க நின்னப்பவே எனக்குத் தெரியும்."

மாமா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "அவன் லைன்ல இருக்கான்."