பாதி விலை ஸ்டிக்கர்

மதியம் மூன்று மணிக்குக் கிளெனிஸ் ஸ்டிக்கர் கருவியோடு குளிர்பெட்டிகள் பக்கம் வந்தாள். மறுநாளோடு கெடு முடியும் கோழிப் பொட்டலங்களில் பாதி விலை ஒட்டுவது பதினாறு வருடமாக அவள் வேலை. ஆஸ்திரேலியாவில் வயல்லா ஊரின் அந்தப் பேரங்காடியில் அவள் கைபட்ட எதுவும் மிஞ்சியதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

மெர்வ் முன்பே வந்து காத்திருந்தார். உருக்காலையில் முதுகு போய் வீட்டுக்கு வந்த பென்ஷன்காரர்.

"இந்தக் கோழிக்கு என்னைவிட வயசு கம்மிதானே, கிளெனிஸ்?"

"உங்களைவிட நல்லாவே நடக்கும். எடுத்துட்டுப் போங்க."

அந்த வாரம் மேனேஜர் பிராடி கணினியைத் திருப்பிக் காட்டினான். தங்கமான பையன். வாரத்துக்கு இத்தனை கூடை உணவு தானம் தர வேண்டும் என்று சிட்னி தலைமை அலுவலகம் இலக்கு வைத்திருந்தது. சுற்றுச்சூழலுக்கான திட்டமாம். எல்லாக் கடையும் பச்சை. வயல்லா மட்டும் சிவப்பு.

"குடுக்க ஒண்ணும் மிஞ்சலைன்னா நல்லதுதானே?" என்றாள்.

"எனக்குப் புரியுது. ஆனா 'மிஞ்சலை'ன்னு எழுத அதுல இடமில்ல, கிளெனிஸ்."

திங்கள் முதல் ஸ்டிக்கர் கிடையாது. மிஞ்சட்டும் என்று சரக்கும் கூடுதலாக வரும். அவள் வேலை நேரம் மட்டும் குறையாது, அந்நேரத்தில் தானக் கூடை கட்டலாம். அதற்காகப் பிராடி மேலிடத்தில் மல்லுக்கட்டியிருந்தான். கிளெனிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாதக் கடைசியில் வயல்லா பச்சையானது. கேக் வந்தது. கிளெனிஸ் இரண்டு துண்டு சாப்பிட்டாள். உள்ளபடியே சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை தேவாலயக் கூடத்தில் தான உணவு விநியோகம். படமெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கிளெனிஸ் கம்பெனியின் பச்சை மேல்சட்டையோடு மேசைக்குப் பின்னால் நின்றாள். வரிசையில் ஏழாவதாக மெர்வ், தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடைக்கு ஒருநாளும் அவர் அப்படி வந்ததில்லை.

அவர் முறை வந்தது. கிளெனிஸ் கோழிப் பொட்டலத்தை நகர்த்தினாள். அதில் முழு விலை அப்படியே இருந்தது. மெர்வ் கண்ணாடியை மாட்டி அதைப் படித்தார். பிறகு பர்ஸை எடுத்துத் திறந்தார்.

"பாதிதானே, கிளெனிஸ்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.



படமெடுக்கும் பெண் கேமராவை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "சார், பர்ஸை உள்ள வெச்சிடுங்க. படத்துல விழுது."