ஒயினில் ஊறிய கடுகு

“உங்க நைனா இப்ப குடிக்கிறதில்லதானே?”

அமிர்தவல்லி அம்மா அப்படிக் கேட்டபோது மங்கை தலையை மட்டும் ஆட்டினாள். வாய் திறந்து பேசத் தெரிந்திருந்தால் அவள் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டாள்.

அமிர்தவல்லியின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போய்ச்சேர்ந்த பிறகு பென்ஷன் பாண்டிச்சேரியிலும் வாசம் செஞ்சியிலுமாக அந்த அம்மாவின் காலம் ஓடுகிறது. மங்கை அங்கே பாத்திரம் தேய்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து மகன் வருகிறான். கறிக்குத் தொட்டுக்கொள்ள அவனுக்கு ஒயினில் ஊறிய கடுகு விழுது வேண்டும்.

“மிக்சியில போட்டா சூடேறிக் கசந்துபோவுது. உங்க வீட்டு அம்மியில நைசா அரைச்சுக் கொண்டா. இறுகிச்சுன்னா இதக் கொஞ்சம் தெளிச்சுக்கோ.” ஊறிய கடுகு ஜாடியோடு, பாதி ஒயின் இருந்த பாட்டிலையும் பையில் வைத்தாள். “இன்னாடி முழிக்கிற? பாம்பையா குடுத்தேன்?”

பாம்பாக இருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பாள்.

அவள் அப்பா செல்லப்பன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில், மங்கையின் தலையில் கை வைத்து, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அம்மாவின் முகத்தில் காயமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா ஒருநாள் சொன்னாள்: “அனந்தபுரத்துல ஒருத்தன் இப்படித்தான் சத்தியம் பண்ணிட்டு மீறிட்டான். பொங்கலுக்குள்ள பொண்ணு போயிடுச்சு.” அப்பா ஒரு வாய் குடித்தால் போகப்போவது தன் உயிர்தான் என்று மங்கை நம்பினாள்.

அம்மா களை வெட்டப் போயிருந்தாள். மங்கை கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தாள். குழவி நகர நகரக் கடுகின் காரம் கண்ணில் ஏறியது. அதற்கு அடியில் புளித்த பழ வாடை மெல்லப் பரவியது.

வேலிக்கு அந்தப் பக்கம் வசந்தா அக்காவின் குரல். “ஏய் மங்க, உங்க வூட்ல கள்ளுக்கட தொறந்துட்டீங்களா? வாசன தூக்குது!”

மங்கை அவசரமாக விழுதை ஜாடியில் வழித்து மூடினாள். பாட்டிலைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் தள்ளினாள். வாடையை எதைக் கொண்டு அடக்குவது? காய்ந்த மிளகாய், உப்பு, ஒரு பிடி கடுகு. திருஷ்டி கழிக்கிறமாதிரி அள்ளி அடுப்புத் தணலில் போட்டாள். படபடவென்று வெடித்து, வீடெல்லாம் நெடி.

அந்த நெடிக்குள் இருமிக்கொண்டே செல்லப்பன் நுழைந்தார். அன்று மண்டிக்கு லாரி வரவில்லை.

“யாருக்கும்மா சுத்திப் போட்ட?”

“எனக்குத்தான் நைனா.”

“ஒடம்புக்கு இன்னா?” அவர் முகம் வெளிறியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது. உக்காரு, தண்ணி மொண்டாரேன்.”

“வேணாம் நைனா, நானே...”

அவர் பானையிடம் போய்விட்டார். சொம்பு தண்ணீரில் அமிழும் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடி பானையில் உரசும் சத்தம். மங்கைக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் பாட்டிலுமாக அவர் வந்து நின்றார். மூடி கழன்றிருந்தது. உதடு இன்னும் காய்ந்துதான் இருந்தது.

“அது கடுகுக்கு நைனா. அமிர்தவல்லி அம்மாது. கடுகுக்கு...”

சொம்பை அவள் கையில் கொடுத்தார். அவள் உச்சந்தலையில் கையை வைத்தார். சத்தியம் செய்தபோது இருந்ததைவிட அந்தக் கை இப்போது கனத்தது. உச்சியிலிருந்து நெற்றிவரை அழுத்தி வழித்தார். மறுபடி வழித்தார், அங்கே ஒட்டியிருந்த சத்தியத்தைத் துடைத்தெடுப்பதுபோல. வாசலுக்கு வெளியே கையை உதறினார்.

“நைனா,” என்றாள் மங்கை.

பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நிலைப்படியில் குனிந்து, அவர் வெளியே போனார்.