மாடிக் கச்சேரி

...இல்லை, மேலே பார்த்துக்கொண்டு ஏறினால் கைக்கு வலு கிடைக்காது, திரும்பி உட்கார்ந்து பின்பக்கமாகப் போவதுதான் சரி, நடவு மாதிரி, என்று அம்சம் தீர்மானித்தபோது தாலுகா கச்சேரியின் முதல் படி அவள் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது, முந்தானையை இடுப்பில் செருகினாள், உள்ளங்கை இரண்டையும் படியில் ஊன்றி ஒரு எக்கு எக்கினாள், இடுப்பு மேலே வந்துவிட்டது, கால்கள் இரண்டும், ஐந்து வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்ப வைத்துவிட்டுப் போன கால்கள், பந்தி முடிந்தபின் வருகிற சம்பந்தி மாதிரி நிதானமாக வந்து சேர்ந்தன. ஒன்று. இன்னும் இருபத்திரண்டு. எண்ணிக்கை தங்கம்மாளுடையது, காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள்தான் ஓடிப்போய் ஏறி இறங்கி எண்ணிவிட்டு வந்தாள், "இருபத்து மூணுடி, நடுவுல திரும்புற எடம் அகலமா இருக்கு, மூச்சு வாங்கிக்கலாம், எனக்கே வாங்குது" என்றாள். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம். கஜானாவைக் கீழே வைத்துத் துப்பாக்கியோடு காவல் போட்டிருக்கிறார்கள், ஜனங்களின் குறையைக் கேட்கிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறார்கள், இங்கிலீஷ் எழுத்தை அழித்துவிட்டுப் புது ஆட்சியில் அழகான தமிழில் எழுதிய பலகை, மேலே பார்த்த அம்புக்குறி. எழுத்தை மாற்றியவர்கள் மாடியை மாற்றவில்லை. பணத்துக்கு முட்டிவலி போலிருக்கிறது, கீழேயே இருக்கிறது...

இரண்டு. மூன்று. பின்பக்கமாக ஏறுவதில் ஒரு சௌகரியம், வந்த வழி கண்ணுக்கு எதிரே இருக்கும், கீழே வாசல் தெரிகிறது, வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர், அவருக்குப் பக்கத்தில் சங்கத்துக் கோவிந்தராசு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார். பாவம், நல்ல மனுஷர், விவசாயச் சங்கத்துக்காக இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர், ஆனால் அவருக்கு எதையும் கூட்டம் போட்டுச் செய்தால்தான் செய்த மாதிரி இருக்கும். இரண்டு தோழர்கள் கையைக் கோத்து நாற்காலி மாதிரி வைத்து அவளைத் தூக்கிப் போவது, பின்னால் கொடி, அதற்குப் பின்னால் கோஷம், பத்திரிகைக்காரர் ஒருவரையும் சொல்லிவைத்திருந்தார். "வேணாங்க தோழரே, ஒரு போட்டோவுல பட்டது போதும்" என்று அவள் சொன்னதில்தான் முகம் அப்படி ஆகிவிட்டது. அந்த ஒரு போட்டோ... நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான்கு. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெரியவர் படியேறி வந்தவர், அவளைப் பார்த்து நின்று, மடியில் பத்து பைசாவைப் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். கச்சேரியைக் கோயிலென்று நினைத்துவிட்டாரோ, இல்லை, படியில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு வேறு என்ன வேலை இருக்கும் என்று நினைத்துவிட்டாரோ. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குள் அவர் மறைந்துவிட்டார், இரண்டு கால் உள்ளவர்கள் புண்ணியம் சம்பாதித்துக்கொண்டு போகிற வேகமே தனி.

ஐந்து, ஆறு, ஏழு. மூச்சு வாங்கவில்லை. எதற்கு வாங்கவேண்டும், நடவில் இதைவிடப் பெரிய தூரமெல்லாம் பின்பக்கமாகவே போயிருக்கிறாள். ஊரில் வரப்புமேல் அவள் நொண்டி அம்சம், நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பக் கிளம்புவார்கள், ஆனால் சேற்றில் இறங்கிவிட்டால் அதே வாய்கள் "அம்சக்கா, நான் ஒம் பக்கத்துல நிக்கிறேன்" என்று போட்டி போடும். சேற்றில் யார் நேராக நடக்கிறார்கள்? முழங்கால்வரை புதைந்தால் மிராசுதாரும் நொண்டிதான். நடவு என்றால் எல்லாரும் குனிந்தாகவேண்டும், குனிந்துவிட்டால் எல்லாத் தலையும் ஒரே உயரம், எல்லாரும் பின்பக்கமாகத்தான் போகவேண்டும், பதினைந்து பேர் வரிசையில் எந்தக் கால் சூம்பியது என்று தண்ணீருக்கு மேலே யாருக்குத் தெரியும்? இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்பன் வீரையன் ஒன்றும் ஞானியில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து வயலில் ஒரு மூலையில் வைத்தார், அவ்வளவுதான், அவள் சும்மா இருக்க முடியாமல் ஒரு நாற்று முடியை அவிழ்த்தாள். ஆனால் கூலிச் சண்டை வந்து, மிராசுதார்கள் வெளியூர் ஆளை லாரியில் இறக்கி அறுப்பு அறுத்த வருஷத்தில், ஊரே பயந்து கதவைச் சாத்தியபோது தன் குத்தகை நிலம் அஞ்சு மாவுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டாரே அந்த மனுஷர், அறுக்கிறதானால் என்னையும் சேர்த்து அறு என்று... அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? இருபத்தெட்டு வருஷக் குத்தகை, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. போன தையில் செத்துப்போனார். இப்போது சர்க்கார் குத்தகையைப் பதியச் சொல்கிறது, யார் உடம்பால் உழைத்துச் சாகுபடி செய்கிறார்களோ அவர்கள் பெயரில். மிராசுதார் சபாநடேசனின் ஆட்சேபணை ஒரே வரி, முடமான பொம்பளை, தனிக்கட்டை, உடலுழைப்புக்கு வழியில்லை, ஆகவே நிலம் என் கைக்கு.

திரும்புகிற இடம். தங்கம்மாள் சொன்ன மாதிரி அகலமாகத்தான் இருந்தது, ஜன்னல் வழியாகக் காற்று. தங்கம்மாள் அவளுக்கு முன்னால் இரண்டு படி கீழே, விழுந்தால் பிடிக்கிற மாதிரியும் இல்லாமல் பிடிக்காத மாதிரியும் இல்லாமல், வெற்றிலை மென்றுகொண்டு வந்தாள். இருபது வருஷமாக நடவில் பக்கத்து ஆள், ஒருநாள்கூட ஐயோ பாவம் என்று சொன்னதில்லை, "நகருடி எரும, எம் வரிசையில வந்து நடாத" என்றுதான் சொல்லியிருக்கிறாள், அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். "என்னடி ஒக்காந்துட்ட, மாலை மரியாத வரணுமா?" "பலகைய நெனச்சேன். இருந்தா நல்லாருக்கும்." "படியில பலகைய வச்சு ஏறுனியானா நேராக் கஜானாவுலதான் போயி எறங்குவ." பலகை. குத்தாலம் கடைத்தெருவில் கயிறும் கூடையும் விற்கிற கலந்தர் பாய் கொடுத்தது, பினாங்கிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டியின் மூடி, ஒருபக்கம் இன்னும் சீன எழுத்து இருக்கிறது, அதன்மேல் காலை மடித்து உட்கார்ந்து கையால் ஒரு தள்ளு தள்ளினால் பரம்படித்த சேற்றில் ஓடம் மாதிரி போகும். முன்பெல்லாம் வெறுமனே சேற்றில் தவழ்ந்துதான் நட்டாள், இடுப்பெல்லாம் புண். கூடை வாங்கப் போனபோது பாய் பார்த்தார், என்ன ஏது என்று உச்சுக் கொட்டவில்லை, "ஏம்மா, நீ சேத்துல எந்தப் பக்கமா போவ, முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டார். பின்னால் என்றாள். பின் விளிம்பை மட்டும் படகுமூக்கு மாதிரி இழைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி. அதை வேறு யாராவது இதுவரை கேட்டிருக்கிறார்களா...

பதின்மூன்று. பதினான்கு. கேட்கவில்லை, கேட்காமலே கொடுத்தவர்கள்தான் உண்டு. அறுபத்தேழுக்கு முன்னால் கதர்த்துண்டு போட்டிருந்த சபாநடேசன், அறுபத்தேழுக்குப் பின்னால் கரைத்துண்டு போட்ட சபாநடேசன், தலைவர் பிறந்தநாளுக்கு மேடை போட்டார், ஏழைகளுக்கு வேட்டி சேலை, கண் தெரியாதவருக்குக் கைக்கடிகாரம், ஆமாம், கைக்கடிகாரம், அம்சத்துக்குக் கக்கத்துக் கட்டை ஒரு ஜோடி. மேடைக்கு ஆறு படி. இரண்டு தொண்டர்கள் அவளைச் சாமி புறப்பாடு மாதிரி தூக்கினார்கள், மைக்கில் ஒருவர் அவளைப் பற்றி அவளுக்கே தெரியாத சோகமெல்லாம் சொன்னார், சபாநடேசன் குனிந்து கட்டையைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கட்டை அவளைவிட ஒரு முழம் உயரம். சேற்றில் ஊன்றினால் உள்ளே போய்விடும், வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது ஒன்று மடையில் தண்ணீரை மறிக்கக் கிடக்கிறது, இன்னொன்று பீர்க்கங்கொடிக்குப் பந்தக்கால், நல்ல மரம், குறை சொல்லக்கூடாது. அந்தப் போட்டோவைத்தான், நடக்க இயலாத ஏழைக்கு வாழ்வு தந்தார் என்று பேப்பரில் வந்த அதே போட்டோவைத்தான், அவர் இன்று சாட்சியாகப் போட்டிருக்கிறார், நடக்க இயலாதவள் என்பதற்கு. தர்மம் செய்த கை வீண்போகாது என்பது இதுதானோ. இருபது. இருபத்தொன்று. பறித்துக் கட்டிய நாற்று வாய்க்கால் தண்ணீரில் கிடக்கிறது, இரண்டு நாளுக்குமேல் தாங்காது, புரட்டாசி பாதி போய்விட்டது, இன்று தாசில்தார் மாட்டேன் என்று எழுதிவிட்டால் அந்தச் சேற்றில் சபாநடேசன் ஆள் இறங்கி நடும், அவள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பாள், வரப்பில், நொண்டியாக...

இருபத்து மூன்று. முதுகில் நிலைப்படி தட்டியது. "ஏம்மா, அய்யாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா வர்றது?" என்று குமாஸ்தா பதறினார். "வந்து சேந்துட்டு முகத்தைக் காட்டுறேங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். தாசில்தார் சின்ன வயசுதான், பளபளவென்று பூட்ஸ், பழக்கதோஷத்தில் "உட்காரும்மா" என்றார், சொன்னபிறகு விழித்தார். தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மேஜைக்கடியில் எல்லாருடைய கால்களும் தெரிந்தன, சபாநடேசனின் கால் வீங்கியிருந்தது, செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டிருந்தார், இந்தப் படிகள் அவரையும் விடவில்லை. "எனக்கு இவ மேல கோவம் ஒண்ணும் இல்ல சார், எரக்கம்தான்," என்றார் அவர், "பொங்கலுக்கு ஏதாச்சும் துணிமணி எடுத்துக் குடுத்துடறேன். சாகுபடிங்கறது இவளால ஆவுற காரியமா? போட்டோவப் பாருங்க." தாசில்தார் பார்த்தார். போட்டோவையும் பார்த்தார், அவளுடைய கைகளையும் பார்த்தார், அவை சேறு காய்ந்து, மரக்கிளை மாதிரி இருந்தன. "இந்தக் கட்டையை வைச்சுக்கிட்டு எப்படிம்மா நடுவீங்க?" "அத வச்சுக்கிட்டு நட முடியாதுங்க. அது மடையில கெடக்குது. நாத்துப் பறிச்சு வச்சிருக்கேன், வந்து பாருங்க, நடுறனா இல்லையான்னு ஒங்க கண்ணால பாத்துட்டு எழுதுங்க. நாளைக்கே வாங்க, நாத்து தாங்காது." என்ன தைரியத்தில் சொன்னாள்? சங்கத்தார் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது, பாட்டாளி என்று தொடங்கும், அது பத்தாவது படியிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது.

தாசில்தார் பேனாவை மூடினார். "சரி, நாளைக்குக் காலையில ஸ்தலப் பார்வை. ஜீப் எதுவரைக்கும் வரும்?" "மதகு வரைக்குங்க." "அப்புறம்?" "வாய்க்காலத் தாண்டணுங்க. ஒத்தப் பனைமரம் போட்டிருக்கு. அந்தாண்ட வரப்பு, ஒரு சாண் இருக்கும்." ஒற்றைப் பனைமரம் என்றதும் அவர் முகத்தில் ஒன்று வந்தது, அம்சத்துக்கு அது நன்றாகத் தெரிந்த முகம், தண்ணீரையும் தன் காலையும் மாறி மாறி நினைத்துப் பார்க்கிற முகம். "பிடிச்சுக்க ஏதாவது இருக்குமா?" என்றார், கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுதான், அறையே எழுந்துவிட்டது, குமாஸ்தா இன்னொரு மரம் போடச் சொல்லிடலாம் சார் என்றார், சபாநடேசன் எதற்கு ஆட்சேபணை செய்ய வந்தோம் என்பதையே மறந்து, "எந் தோப்புல பனை கெடக்கு சார், இன்னிக்குச் சாயந்தரமே சேத்துப் போட்டு, ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டிடறேன், கைப்பிடியா, சும்மா வீதி மாதிரி வரலாம் நீங்க" என்றார். சாயந்தரமே. ஒரு சாயந்தர வேலைதானா அது?

இறங்குவது சுலபம், கால் முன்னால், முகம் வெளிச்சத்தைப் பார்த்து. ஒன்று, இரண்டு... அந்த வாய்க்காலை அவள் முப்பது வருஷமாகத் தண்ணீருக்குள் இறங்கித்தான் தாண்டுகிறாள், இப்போது பலகையைப் பிடித்துக்கொண்டு, முன்பு வெறுங்கையோடு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை இந்தக் கரை, நாலாம் வகுப்பு அந்தக் கரை. நனைந்த பாவாடையோடு வகுப்பில் உட்காரக்கூடாது என்று வாத்தியார் சொன்னார், அவள் படிப்பு அந்தப் பனைமரத்தோடு நின்றது. கால் இல்லாததால் படிப்பு நின்றது என்று ஊர் சொன்னது, அப்பனும் சொன்னார், அவளும் இத்தனை நாளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்... ஏழு, எட்டு. ஒரு மரம். இரண்டு மூங்கில். யாரிடமாவது கேட்டிருக்கலாமோ? கேட்கலாம் என்றே ஏன் தோன்றவில்லை? "என்னடி, ஜெயிச்சுட்டு வந்தவ மாதிரியும் இல்ல, தோத்துட்டு வந்தவ மாதிரியும் இல்ல" என்றாள் தங்கம்மாள், வெற்றிலையை இந்தப்பக்கக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. "நாளைக்குப் பாத்துட்டுத்தான் எழுதுவாராம்." கீழே கோவிந்தராசு ஆவலோடு நிமிர்ந்து பார்த்தார். அம்சம் இறங்குவதை நிறுத்தி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தங்கம், தாசில்தார் வந்துட்டுப் போனப்பறம் அந்த மூங்கில அவுத்துடுவாங்களா?" தங்கம்மாள் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, மேலே மாடியைத் திரும்பிப் பார்த்தாள்... சரி, இன்னும் பதினைந்து படி இருக்கிறது, பஸ் வருவதற்குள் இறங்கவேண்டும்.