ஏனோக் வேண்டாமென்ற இடம்

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் ஏனோக் கொள்முதல் இலாகாவை விட்டு வெளியே வரவில்லை. ஏ.எஸ்.ராவ் நகரில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட பொதுத்துறைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் டெண்டர் பார்த்தவர். வீட்டுக்குக் குக்கர் வாங்கினாலும் நாலு கடையில் கொட்டேஷன் கேட்பார். தகுதியுள்ளவர்களில் எவன் விலை குறைவோ அவன் ‘எல்-ஒன்’. ஆர்டர் அவனுக்குத்தான். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

மகள் அபிகாயில் அயர்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போகிறேன் என்றபோதும் மனிதர் அதையேதான் செய்தார். அவள் சனத்நகரில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் விழத்தான் தெம்பு இருக்கும். “நீங்களே பாத்து அப்ளை பண்ணுங்க டாடி” என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டாள். இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. கார்க் நகரத்தில் ஒன்று. அபியின் மனசெல்லாம் அதன்மேல்தான். டப்ளினில் இன்னொன்று, கிட்டத்தட்ட அதே படிப்பு, கட்டணம் குறைவு, அதுவும் மாலை நேர வகுப்பு. பகலெல்லாம் பிள்ளை வேலை பார்க்கலாமே என்று ஏனோக் பூரித்துப்போனார். டப்ளின்தான் எல்-ஒன் என்று தீர்ப்பாயிற்று. அபி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் சரி என்றாள்.

இதோடு நின்றிருந்தால் குடி முழுகியிருக்காது. ஆனால் டெண்டர் முடிந்ததும் தோற்றவர்களுக்கு வருத்தம் தெரிவித்து எழுதுவது இலாகாவின் வழக்கம். வீணாகக் காத்திருக்க வைக்கக்கூடாது, அதுதான் மரியாதை. அந்த மரியாதை தவறாத மனிதர் திங்கட்கிழமை காலையில் காபியைக் குடித்துக்கொண்டே, கார்க் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ‘இடம் வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தி, நன்றியும் எழுதிப் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த விதி கண்ணில் பட்டது. பகலில் நடக்கும் முழுநேரப் படிப்புக்கு மட்டுமே மாணவர் விசா. மாலை நேர வகுப்புக்குக் கிடையாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். விதி மாறவில்லை. டப்ளின் கடிதத்தைத் தேடி எடுத்தால், அடியில் பொடி எழுத்தில் ‘வெளிநாட்டவர் விசாத் தகுதியைத் தாங்களே உறுதிசெய்துகொள்ளவும்’ என்று இருக்கிறது. பொடி எழுத்தைப் படிக்காத எத்தனை சப்ளையர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பார்! இப்போது அந்த இடத்தில் அவரே நின்றார்.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சுகர் இறங்கிருச்சா?” என்று கேட்டாள் மனைவி ஜெயசுந்தரி.

“டப்ளினுக்கு விசா தர மாட்டாங்களாம்.”

“அப்ப கார்க்குக்கே போகட்டுமே. பிள்ளை கேட்டதும் அதானே.”

“அதை நான் வேண்டாம்னு சொல்லிட்டேன், சுந்தரி.”

“யாரைக் கேட்டு?”

“அபி வர்றதுக்குள்ள சரி பண்ணிருவேன். நீ வாயத் திறக்காத” என்று போனை எடுத்தார்.

கார்க்கில் அப்போதுதான் காலை, கல்லூரி அலுவலகம் திறந்திருந்தது. எடுத்த பெண்ணிடம் ஏனோக் தன் ஆங்கிலத்தில் எவ்வளவு பணிவு உண்டோ அவ்வளவையும் கொட்டினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விண்ணப்பித்தவர் நீங்களா என்றாள். தகப்பன் என்றார். மன்னிக்கவும், மாணவியிடம் மட்டும்தான் பேச முடியும் என்றாள். இடங்களை உறுதிசெய்ய இன்றே கடைசி நாள் என்பதை மட்டும் சொன்னாள். ஏனோக் கெஞ்சினார். நேரம் தவறி வந்த சப்ளையர்களிடம் அவர் பேசிய அதே இனிமையான குரலில் அவள் வருந்தினாள். இந்தக் குரல் கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

“யார்ட்ட டாடி கெஞ்சிட்டு இருக்கீங்க?”

தோளில் பையோடு அபி வாசலில் நின்றாள். மறைக்க வழியில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு, விசா விஷயத்தையும் திங்கட்கிழமை செய்ததையும் விட்டு விட்டுச் சொன்னார்.

“கைக்கு டாடி? கைக்கு?” ‘ஏன்’ என்பது கோபத்தில் அந்த ஊர் உருதுவாகவே அவள் வாயில் வந்தது. “சும்மா விட்டிருந்தாலே போதும்ல!” பை தரையில் விழுந்தது. “எனக்குப் பிடிச்சதத்தான் விட்டுக் குடுத்தேன். அதையும் போய் அழிச்சிட்டு வந்தீங்களா?”

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். மறுமுனையில் இருந்த பெண் எதையோ கேட்டாள். அபி தகப்பனைப் பார்த்துக்கொண்டே, ஆங்கிலத்தில், “வேண்டாம் என்று சொன்னது நான் இல்லை. என் அப்பா. என்னைக் கேட்கவில்லை” என்றாள். ஏனோக்குக்குக் கூசிப்போயிற்று. அவள் பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றுவாள் என்று எப்படி எதிர்பார்த்தார் என்பது அவருக்கே புரியவில்லை.

பேசி முடித்துவிட்டு அபி சொன்னாள்: “அடுத்த ஆளுக்கு இன்னும் குடுக்கலையாம். ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கிறாங்க. இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேணும்னு நானே எழுதணுமாம். பாத்துட்டு முடிவு சொல்வாங்க.”

“இரு, நான் ட்ராஃப்ட் போட்டுத் தர்றேன்...”

“நக்கோ டாடி, வேணாம். எந்திரிங்க.”

ஏனோக் எழுந்து கூடத்துக்கு வந்தார். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. “என்னங்க எழுதுவா?” என்று ஜெயசுந்தரி மெல்லக் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். கல்லூரியின் தரம் தெரியும், கட்டணம் தெரியும், விடுதியிலிருந்து எத்தனை தூரம் என்பதுகூடத் தெரியும். மகளுக்கு அந்தப் படிப்பின்மேல் ஏன் ஆசை என்பது தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

“எனக்குத் தெரியாது” என்றார்.

கடிதம் போய்விட்டது. ஜெயசுந்தரியின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தன. கீழே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

“மம்மி!” என்று அபி கத்திய கத்தலில் என்ன செய்தி என்று முதலில் புரியவில்லை. ஜெயசுந்தரி ஓடினாள். “குடுத்துட்டாங்க மம்மி. சீட்டு குடுத்துட்டாங்க” என்று அவள் தோளில் விழுந்து அபி ஓவென்று அழுதாள். “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று தாயும் சேர்ந்து அழுதாள்.

ஏனோக் நிலைப்படியைத் தாண்டவில்லை. “பகல் வகுப்புதானே? விசாவுக்குத் தடை ஒண்ணும்...”

“ஹவ் டாடி, ஆமா. பகல், ஃபுல் டைம். நானே பாத்துட்டேன்.”

“அபி, மன்னிச்சிரும்மா.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

“இப்ப மன்னிச்சிட்டேன் டாடி. சீட்டு போயிருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்.”