பூனை தின்ற இருபத்தாறு முளைகள்

எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் எலி பிடிக்க ஒரு பூனை உண்டு. தட்டுத் தட்டாக முகர்ந்துகொண்டே போவதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அன்று காலை இன்ஸ்பெக்டர் நான்காம் தட்டில் முளைத்திருந்த கோதுமைப் பயிரில் கால்வாசியைத் தின்றுவிட்டு, மேலாளர் அறை வாசலில் பச்சையாக வாந்தி எடுத்தது.

மேலாளர் அந்த வாந்தியை மிதித்துவிட்டார்.

“புல்லைத் தின்னா பூனை தாங்குமா? நோய் புடிச்சது. மத்தியானம் வண்டி வரும், சாக்குல கட்டி எங்கயாவது விட்டுட்டு வரச் சொல்லுங்க.”

“நோய் பூனைக்கு இல்லடி, செருப்புக்கு,” என்று கிடங்கு அக்கா என் காதில் சொன்னாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வேலைக்குச் சேர்ந்த ஒன்பது மாதத்தில் மேலாளரிடம் நான் சொன்னதெல்லாம் “சரி சார்”தான்.

“புல் விஷம் இல்ல சார்,” என்றேன்.

“அட, உனக்கு வாய்கூட இருக்காம்மா?”

“பூனைக்குப் புல் சரியா செரிக்காது. சில சமயம் வாந்தியா வரும், இல்லேன்னா அப்படியே பின்னால போயிடும். நல்லா இருக்கிற பூனையும் தின்னும். புல்லுமேல போடுற மருந்துதான் ஆபத்து.”

“பக்கத்துத் தட்டுல மருந்து போட்ட விதை இருக்கே. அதைத் தொடலேன்னு பூனை உங்கிட்ட வந்து சொல்லிச்சா?”

நியாயமான கேள்வி. மருந்திட்ட விதை சிவப்புச் சாயம் பூசி வரும். கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். வாந்தியை இடுக்கியால் எடுத்து, கழுவி, இழை இழையாகப் பிரித்தேன். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. மருந்திட்ட ஐந்தாம் தட்டு மூடியபடியே இருந்தது. ஒரு முளையும் குறையவில்லை.

“மருந்துத் தட்டு முழுசா இருக்கு சார். நாலாவதுதான் திறந்து கிடந்துச்சு.”

“திறந்து போட்டது யாரு? உன் வேலைதானே அது?”

முந்தின நாள் மாலை விருந்தாளிகளுக்கு முளையைக் காட்டத் தட்டைத் திறந்தவர் அவர்தான். கூடத்தில் எல்லோரும் பார்த்தோம். இப்போது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பதிவேட்டை எடுத்து எழுதினேன்: ‘நான்காம் தட்டு. இருபத்தாறு முளைகளைப் பூனை தின்றது. மூடியைத் திறந்து வைத்தவர் மேலாளர். சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.’ கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினேன்.

“அந்த வரியை அடி.”

“அடிக்க மாட்டேன் சார். பூனையையும் அனுப்ப மாட்டேன்.” குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

மத்தியானம் வண்டிக்காரர் சாக்கோடு வந்தார். இன்ஸ்பெக்டர் என் மடியில் இருந்தது.

“கைதி ரெடியா?”

“இது எங்கயும் வரல அண்ணா. இன்னிக்கு முழுக்கப் பாத்துப்பேன். மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ டாக்டர்கிட்ட நானே தூக்கிட்டுப் போவேன்.”

“சார் சொல்லிட்டாரேம்மா?”

“சார்கிட்ட நான் சொல்லிட்டேன்.”

அவர் மேலாளர் அறையைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மருந்திடாத கோதுமையை ஒரு புதுத் தட்டில் விதைத்தேன். மூடி போடவில்லை. ‘பூனைக்கு’ என்று சீட்டு ஒட்டி, மேலாளர் அறை வாசலிலேயே வைத்தேன். இனி அவர் அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.